அப்பா படத்துக்கு முன்னால் இலை போடலாமா?

பள்ளத்தூர் பிள்ளை எழுதியது:

அடுத்த மாசம் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் சமையல் பண்ணியவர். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்ட்). அன்றைக்கு அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, வெள்ளைப் பணியாரமும் வெண்டைக்காய் மண்டியும் வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. எங்கள் தெருவில் ஆச்சிமார் வீடுகளில் புதுப் புடவையும் வேட்டியும் வைத்து, பங்காளிகள் கூடி, முன்னோருக்கு உணவு வைத்துக் கும்பிடும் படைப்பு போடுவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர் அவர். "நம்ம வீட்டு மனுசனுக்கு ஒரு இலை கூடக் கிடையாதா?" என்று கேட்கிறார். கூடவே கூடாது, ஜெபக்கூட்டம் மட்டும் வையுங்கள் என்கிறார் போதகர்.

இந்தத் தடை வேதத்தில் உள்ளதா, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததா? முன்னோரை வணங்கும் நாடுகளில் சபைகள் என்ன முடிவெடுத்தன? காரணம் சொல்லாமல் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தேவகோட்டை வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் அம்மா கேட்கும் கேள்விக்காக முந்நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சபையே இரண்டுபட்டது. சீனாவில் போதித்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சி, முன்னோர் பெயர் எழுதிய பலகைக்கு முன் தலை வணங்குவது மரியாதைதான், வழிபாடு இல்லை என்று அனுமதித்தார். அவர் 1610-ல் இறந்தார். வழக்கு ரோம் வரை போய், 1715-ல் போப்பாண்டவர் பதினோராம் கிளமெண்ட் அந்தச் சடங்குகளைத் தடை செய்தார். கோபமடைந்த சீனப் பேரரசர் காங்சி 1721-ல் கிறிஸ்தவப் போதனையையே தடுத்துவிட்டார்.

கொரியாவில் நடந்தது இன்னும் கொடுமை. யுன் ஜி-சுங் என்ற கத்தோலிக்கர் 1791-ல் தன் தாய் இறந்தபோது, சபை விதியை மதித்துச் சடங்கு செய்யவில்லை, முன்னோர் பலகைகளையும் எரித்தார். தாய்க்குச் செய்யாதவன் என்று அரசு அவரைக் கொன்றது. ரோம் 1939-ல் சீனச் சடங்குகளுக்கான தடையை நீக்கியது. இன்று கொரியக் கத்தோலிக்கர்கள் படத்துக்கு முன் உணவு வைத்து வணங்கலாம். 2014-ல் போப் பிரான்சிஸ் சியோலுக்குப் போய் யுன் ஜி-சுங்கை அருளாளராக, அதாவது புனிதருக்கு முந்தைய படிக்கு, உயர்த்தினார். அவர் உயிரைக் கொடுத்துக் காத்த விதியைத்தான் சபை பின்னால் தளர்த்தியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நம் பக்கமும் தப்பவில்லை. 1704-ல் பாண்டிச்சேரியில் டூர்னோன் என்ற ரோமத் தூதர், தாலியில் பிள்ளையார் உருவம், கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது எல்லாவற்றையும் விலக்கி ஆணை போட்டார். மதுரைப் பக்கம் போதித்த இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரில் விசுவாசத்துக்காக ரத்தம் சிந்திப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. டூர்னோன் தமிழ் அறியாதவர், இயேசு சபையார் நடத்திய மதுரை மிஷனுக்குள் போய்ப் பார்க்கவும் இல்லை. வெளியிலிருந்து வந்து சொன்னார்கள் என்ற உங்கள் சந்தேகம் பாதி சரி. அம்மா இலை போடட்டும் என்பேன்.

பொன்னமராவதி சகோதரி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன மீதிப் பாதியை நான் சொல்கிறேன். நான் படைப்பு போடும் குடும்பத்தில் பிறந்து, பிறகு விசுவாசத்துக்கு வந்தவள். எங்கள் வீட்டில் அது வெறும் நினைவு இல்லை. போடாமல் விட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் தட்டிப்போகும் என்று பாட்டி நடுங்குவார். அந்தப் பயத்திலிருந்துதான் இயேசு என்னை விடுவித்தார். வேதத்தில் உபாகமம் 26:14-ஐப் படியுங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுப்பவன், இதில் எதையும் செத்தவர்களுக்காகக் கொடுக்கவில்லை என்று கடவுள் முன் சொல்ல வேண்டும். அதை எழுதியது வெள்ளைக்காரர் இல்லையே.

கானா நாட்டு இறையியலாளர் குவாமே பெடியாகோவும் இந்தப் பயத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய அகான் மக்களுக்கு முன்னோர்தான் காவல். புதிய ஏற்பாட்டில் உள்ள எபிரெயர் நிருபம் ஆப்பிரிக்கர்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது என்பார் அவர். நமக்காகப் பரிந்து பேச இயேசு இருக்கிறார், முன்னோரைத் திருப்திப்படுத்த வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அவரும் வெள்ளைக்காரர் இல்லை. தம்பி, அம்மாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இலை போடாவிட்டால் ஏதாவது கெட்டது நடக்கும் என்று நினைக்கிறாரா?

அரசரடி மாணவன் எழுதியது:

அக்கா சொன்ன அதே அதிகாரத்தில் 5-ஆம் வசனம் இருக்கிறது. அலைந்து திரிந்த என் தகப்பன் என்று தொடங்கும் அறிக்கை. ஒடுக்கப்பட்டவர்கள் பக்கமிருந்து வேதத்தைப் படிக்கும் தலித் இறையியலைத் தொடங்கிவைத்த அரவிந்த் நிர்மல் அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார். அந்த நாடோடிக்கு இருந்த சுதந்திரம் கூடத் தன் தலித் முன்னோருக்கு இல்லை என்றார். முன்னோரை மறக்கச் சொல்லும் அதிகாரமாக அதை நான் படிக்க மாட்டேன். கடவுள் முன் நின்று அவர்கள் கதையைச் சொல்லு என்கிறது.

யாருடைய முன்னோர் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். ஏழு தலைமுறைப் பெயரை ஒப்பிக்கிற வீடுகளும் உண்டு, தாத்தாவுக்கு மேல் பெயரே தெரியாத எங்கள் வீடுகளும் உண்டு. சாதிக்கொரு பக்கம் பிரித்த கல்லறைத் தோட்டங்களை இன்னும் வைத்துக்கொண்டு, இலை போடலாமா கூடாதா என்று மட்டும் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

எங்கள் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு ஐயா, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதையே, சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தின் அர்த்தமாகச் சொன்னவர். அண்ணே, உங்கள் அப்பா ஊருக்கே சமைத்தவர். அந்தப் பணியாரத்தைத் தெரு முழுக்கக் கூப்பிட்டுப் பந்தி போட்டுக் கொடுங்களேன். அவருடன் கரண்டி பிடித்தவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும்.

பள்ளத்தூர் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னதை நேற்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "கெட்டது என்னடா நடக்கும், அவர் சாப்பிடாம நான் சாப்பிட்டதே இல்லையே" என்றார். இதை அப்படியே போதகரிடம் சொல்லப் போகிறேன். அவரையும் பந்திக்கு அழைப்பேன். முதல் பந்தி யாருக்கு என்பதில் தம்பி சொன்னதை அம்மா உடனே ஒப்புக்கொண்டார். படத்துக்கு முன் இலை வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நான் தடுக்க மாட்டேன். அப்பாவுடன் பாத்திரம் தேய்த்த அம்மாள் இப்போது புதுவயலில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் அழைக்கிறேன்.