லோ கார்ப் (சர்க்கரை உட்பட மாவுச்சத்தைக் குறைத்த உணவுமுறை) எடுப்பவர் சர்க்கரை போட்ட ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?

தராசு: "ஒரு கரண்டி ஐஸ்கிரீம் உள்ளே போனாலே டயட் போச்சு" என்ற பேச்சை ஏற்க முடியவில்லை. சாதாரண வெனிலா 100 கிராமில் மாவுச்சத்து 23, 24 கிராம் இருக்கும். அரைக் கப், அதாவது 65 கிராம் எடுத்தால் 15 கிராம் சொச்சம். நாளுக்கு மாவுச்சத்து 50 கிராம் என்று வரம்பு வைத்திருப்பவர் அன்றைக்கு மற்றதைக் குறைத்துக்கொண்டால் போதும். கொழுப்பும் சேர்ந்திருப்பதால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அதே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததுபோல் சட்டென்று ஏறாது.

வெண்ணெய்க்கட்டி: 50 கிராம்காரருக்குச் சரி. 20 கிராமில் இருப்பவருக்கு? முக்கால்வாசி அந்த ஒரு கிண்ணத்திலேயே தீர்ந்துவிடும், காய்கறிக்கே இடமிருக்காது. மெதுவாக ஏறுவதை நம்பி ஒரு மணி நேரத்தில் விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்து நிம்மதியடைவதும் தப்பு. உச்சம் தள்ளிப்போகும், இரண்டாவது மூன்றாவது மணியிலும் பார்க்கணும். தவிர, மாவுச்சத்தைக் குறைத்துப் பழகிய உடம்பு திடீர்ச் சர்க்கரைக்குத் தடுமாறும். குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் தினமும் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

நுரை: இருவரும் கிண்ணம் கிண்ணமாகப் பேசுகிறீர்களே! ஐஸ்கிரீமில் பாதி காற்றாகவே இருக்கலாம். காற்று குறைந்த கெட்டி வகையில் அதே அரைக் கப் 100 கிராம்கூட வரும்; மாவுச்சத்து 20ஐத் தாண்டிவிடும். எடை மெஷினில் வைக்காமல் கணக்குப் போடாதீர்கள்.

தராசு: சரியான பேச்சு. ஆனால் வெண்ணெய்க்கட்டி, "சுகர் ஃப்ரீ" டப்பாவை மட்டும் கைகாட்டாதீர்கள். பெரும்பாலும் மால்டிடால் என்ற மாற்று இனிப்புதான் இருக்கும். லேபிளில் அந்த வகையின் பெயரான சர்க்கரை ஆல்கஹால் என்று பார்த்ததும் மாவுச்சத்துக் கணக்கிலிருந்து முழுசாகக் கழித்துவிடுகிறார்கள். அதே வகையைச் சேர்ந்த எரித்ரிடாலைக் கழிக்கலாம், மால்டிடாலைக் கூடாது; அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும், கொஞ்சம் அதிகமானால் வயிற்றையும் கலக்கும். அதற்கு அளந்த அசல் ஐஸ்கிரீமே மேல்.

வெண்ணெய்க்கட்டி: மால்டிடால் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. அதனால்தான் வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன். கிரீம் 400 மி.லி., பால் 200 மி.லி., மஞ்சள் கரு 4, அல்லுலோஸ் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு) 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் கிளறி 82 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கரண்டியின் பின்புறம் ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கணும். 85ஐத் தாண்டினால் முட்டை திரிந்துவிடும். வடிகட்டி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்துவிட்டு ஐஸ்கிரீம் மெஷினில் கடையுங்கள். அல்லுலோஸைக் கழித்துப் பார்த்தால் 65 கிராமுக்கு மாவுச்சத்து 2 கிராம் அளவில்தான் வரும்.

தராசு: எரித்ரிடால் போட்டால் மறுநாள் கல்லாகிவிடுகிறதே? நாக்கில் மணல் மணலாக வேறு.

வெண்ணெய்க்கட்டி: எரித்ரிடால் குளிரில் கரைசலில் நிற்காமல் படிகமாகப் பிரிந்துவிடும். அந்த மணல் அதுதான். பிரிந்தபின் உறைநிலையைத் தாழ்த்த ஆள் இல்லை, ஐஸ் இறுகிவிடும். அல்லுலோஸ் கரைந்தே இருக்கும். அதன் மூலக்கூறு சர்க்கரையினுடையதில் பாதி எடைதான் என்பதால் கிராமுக்குக் கிராம் இரட்டிப்பாக மென்மையாக்கும். அதற்காக 150 கிராம் கொட்டினால் உறையாமல் கூழாகவே நிற்கும். இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம்தான்; குளிர்ந்தால் இன்னும் மங்கும். போதாவிட்டால் ஸ்டீவியா இரண்டு சொட்டு விடுங்கள், அல்லுலோஸைக் கூட்டாதீர்கள்.

தராசு: செய்து பார்க்கலாம். ஆனாலும் 50 கிராம்காரருக்கு அந்த 65 கிராம் அசலை நான் மறுக்கமாட்டேன். சாப்பாட்டுக்குப் பின், எடைபோட்டு, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு. இன்சுலின் போடுபவர் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.