10 மீட்டரில் ஏர் ரைஃபிள் சிதறி அடிக்கிறது. வட சென்னையில் நல்ல பெல்லட் எங்கே கிடைக்கும்?

கொருக்குப்பேட்டைக்காரன் · ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அடுத்த மாதம் ஒரு போட்டியில் ஓப்பன் சைட் பிரிவில், அதாவது பள்ளத்தையும் முனையையும் சேர்த்துக் குறி பார்க்கும் பிரிவில், சுட இருக்கிறாள். போன மாதம் வரை ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்த ரைஃபிள், இரண்டு வாரமாகச் சிதறி அடிக்கிறது. ஒன்று இடப்பக்கம் போனால் அடுத்தது மேலே போகிறது. அவளுக்குப் பதற்றம் என்று முதலில் நினைத்தேன். நானே சுட்டுப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. கோளாறு துப்பாக்கியிலா, அதில் போடும் ஈயக் குண்டான பெல்லட்டிலா என்று தெரிந்தவர்கள் சொல்லவும். நம் பக்கத்தில் நல்ல பெல்லட் கிடைக்கும் கடை இருந்தால் அதையும் தெரிவிக்கவும். அவசரம்.

மணலி மனோ · ஞாயிறு, இரவு 9.58

அண்ணா, இந்த விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. துப்பாக்கி சுருள்வில் வகையா, காற்று அடைத்து வைக்கும் வகையா? பெல்லட்டின் முனை தட்டையா, உருண்டையா? சிதறல் எத்தனை மில்லிமீட்டர்? கையில் பிடித்துச் சுட்டீர்களா, மேசைமேல் வைத்துச் சுட்டீர்களா? போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் இடையில் எதையாவது மாற்றினீர்களா? கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

எண்ணூர் ஃபிட்டர் · ஞாயிறு, இரவு 10.15

துப்பாக்கியின் பெயரே தெரியாவிட்டாலும் நோய் எனக்குத் தெரிகிறது. சுருள்வில் ரைஃபிளில் பிஸ்டன் ஓடும்போது முதலில் பின்னோக்கி ஒரு உதை, பிறகு முன்னோக்கி ஒரு உதை என்று இரண்டு அதிர்ச்சிகள் உண்டாகின்றன. இருநூறு, முந்நூறு முறை சுட்டால் முன்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள் தாமாகவே கழன்றுவிடும். இரண்டு பக்கமும் ஒன்று, விசைக் காப்புக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருக்கும், மூன்றையும் இறுக்குங்கள். மரக்கட்டையாக இருந்தால் வெறிபிடித்தாற்போல் இறுக்காதீர்கள், கட்டை பிளந்துவிடும். முப்பது வருடம் இயந்திரங்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், பத்தில் ஒன்பது கோளாறுகள் திருகில்தான் ஆரம்பிக்கின்றன.

மூர்மார்க்கெட் பெருசு · திங்கள், காலை 6.20

திருகும் இல்லை, ஒன்றும் இல்லை. கடற்காற்றுதான் காரணம். பெல்லட் டப்பாவை ராயபுரத்தில் ஒரு மழைக்காலம் திறந்து வைத்தால் ஈயத்தின் மேல் வெள்ளையாக மாவு பூத்துவிடும். அந்த மாவு குழலின் உட்புறச் சுருள் காடிகளில் அப்பிக்கொண்டால் எப்படி நேராகப் போகும்? நாங்கள் பழைய மூர் மார்க்கெட்டில் பெல்லட் வாங்கிய காலத்தில், அதாவது அது 1985இல் எரிவதற்கு முன், டப்பாவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்கி வைப்போம். குழலை ஒருமுறை துணி போட்டுத் துடையுங்கள்.

பத்துக்குப்பத்து · திங்கள், காலை 8.05

பெரியவர் எண்ணெயைச் சொல்லிவிட்டார். கேள்வி கேட்டவர் இன்று மாலைக்குள் தையல் மெஷின் எண்ணெயைக் குழலுக்குள் ஊற்றிவிடுவார். சுருள்வில் துப்பாக்கியில் பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் இருந்தால், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். புகை வரும், சத்தம் கூடும், வேகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். இதையெல்லாம் இங்கே நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்து கேட்டால் பாதிக் கேள்விகள் எழாது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றதிலிருந்து எல்லாருக்கும் ஏர் ரைஃபிள் வேண்டும். அதைப் படிப்பதற்கு மட்டும் நேரம் இல்லை.

மணலி மனோ · திங்கள், காலை 8.30

அவர் இன்னும் எந்த விவரமும் தரவில்லை. அதற்குள் பழைய இழைகளைப் படிக்கச் சொல்வது நியாயமா?

கொருக்குப்பேட்டைக்காரன் · திங்கள், இரவு 10.10

மன்னிக்கவும், வேலைக்குப் போய் இப்போதுதான் வந்தேன். நம் நாட்டில் செய்த சுருள்வில் ரைஃபிள், குழல் அளவு 4.5 மில்லிமீட்டர். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கி, அளந்து 10 மீட்டரில் சுடுகிறோம். மேசைமேல் தலையணை வைத்துச் சுட்டாலும் ஐந்து குண்டுகள் 40 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவுகின்றன. முன்பு 15க்குள் இருக்கும். எதையும் மாற்றவில்லை. பெல்லட் மட்டும் தீர்ந்துவிட்டதால் வீட்டிலேயே வார்த்துக்கொண்டேன்.

மணலி மனோ · திங்கள், இரவு 10.14

"எதையும் மாற்றவில்லை" என்று எழுதிய அடுத்த வரியிலேயே பெல்லட்டை வீட்டில் வார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

பத்துக்குப்பத்து · திங்கள், இரவு 10.31

நான் பேசாமல் படுத்திருக்கலாம்.

கொருக்குப்பேட்டைக்காரன் · திங்கள், இரவு 10.50

அது பெரிய விஷயம் என்று தோன்றவில்லை. பெல்லட்டும் ஈயம்தானே? மணல் மூட்டையிலிருந்து சலித்து எடுத்த பழைய பெல்லட்டுகளோடு, காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயத்தையும், மாமா கடையில் கிடந்த பழைய பேட்டரித் தகட்டையும் சேர்த்துப் பம்பு ஸ்டவ்வில் உருக்கினேன். தெரிந்த லேத் பட்டறையில் இரண்டு துண்டாகப் பிரியும் அச்சு ஒன்று கடைந்து கொடுத்தார்கள். பார்ப்பதற்குக் கடைப் பெல்லட் போலவே இருக்கிறது. இடுப்பில் மட்டும் அச்சு சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுகிறது. ஒரு நாளைக்கு நூறு வீதம் மகள் சுடுகிறாள், டப்பா டப்பாவாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

எண்ணூர் ஃபிட்டர் · செவ்வாய், காலை 5.45

அச்சைக் குறை சொல்ல மாட்டேன், லேத் வேலை நம் பக்கத்துப் பெருமை. ஆனாலும் திருகைப் பார்த்தீர்களா இல்லையா?

தொண்டை மண்டலம் · செவ்வாய், காலை 7.10

நான் போட்டிகளில் சுடுபவன், அதிகம் எழுத மாட்டேன். இந்தக் கேள்வி சுவையாக இருப்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நகைக்கடைத் தராசு, அதாவது 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு கிடைத்தால், நீங்கள் வார்த்தவற்றில் பத்தை எடுத்துத் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். போட்டிகளுக்கான தட்டைமுனைப் பெல்லட் ஏறத்தாழ 0.5 கிராம் இருக்கும். எச் அண்டு என், ஆர்டபிள்யூஎஸ் போன்ற ஜெர்மன் தயாரிப்புகளில் ரைஃபிளுக்கான கனமான வகை 0.53 கிராம். நல்ல டப்பாவில் ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகக் குறைவு.

கொருக்குப்பேட்டைக்காரன் · செவ்வாய், இரவு 9.30

பக்கத்துத் தெரு அடகுக் கடையில் நிறுத்துப் பார்த்தேன், கடைக்காரர் சிரித்தார். மிகக் குறைந்தது 0.48, மிக அதிகம் 0.61. மற்றவை இடையில் எங்கெங்கோ இருக்கின்றன.

தொண்டை மண்டலம் · புதன், காலை 6.55

நன்றி. எடை வேறுபாடு பெரியதுதான். ஆனால் அது மட்டுமே குற்றவாளி இல்லை. 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் போனால், 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதை ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். சுருள்வில் எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே ஆற்றலைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எடை கூடக்கூட வேகம் குறைந்து இந்தச் சரிவும் அதே விகிதத்தில் கூடும். அப்படிப் பார்த்தால் உங்கள் 0.48க்கும் 0.61க்கும் இடையில் வித்தியாசம் நான்கு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அதுவும் மேல் கீழாக மட்டும்தான். உங்களுக்கோ இடமும் வலமுமாக 40 மில்லிமீட்டர் சிதறுகிறது.

ஆகவே எடையை விட்டுவிட்டு உருவத்தைப் பார்க்க வேண்டும். பெல்லட்டின் பின்பக்கப் பாவாடை மென்மையான ஈயமாக இருந்தால்தான், காற்று தள்ளும்போது விரிந்து குழலின் காடிகளைக் கவ்வும். பேட்டரித் தகட்டில் ஈயத்தைக் கெட்டியாக்க ஆன்டிமனி கலந்திருப்பது வழக்கம். அந்தக் கலவை விரியாது, காற்று ஓரமாகக் கசியும். அத்துடன் வார்ப்புக்குள் காற்றுக் குமிழி ஒன்று ஒரு பக்கமாக மாட்டிக்கொண்டால், குழலை விட்டு வெளியே வந்ததும் பெல்லட் சுழலும்போது தள்ளாடும். பம்பரத்தின் ஆணி நடுவில் இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரல் நகத்தால் பாவாடையின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். கடைப் பெல்லட்டில் தழும்பு விழும். உங்களுடையதில் விழாது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு டப்பா நல்ல பெல்லட் வாங்கி, வேறு எதையும் தொடாமல் பத்து குண்டுகள் சுடுங்கள். பெரியமேட்டில் விளையாட்டுப் பொருள் கடைகளில் கேளுங்கள். இல்லையென்றால் பயிற்சி மையத்தில் மகளுடன் சுடுபவர்கள் சேர்ந்து வாங்கும்போது பங்கு போட்டுக்கொள்ளலாம். பயிற்சிக்கு நம் நாட்டுத் தட்டைமுனைப் பெல்லட், போட்டிக்கு இறக்குமதி என்று பிரித்துக்கொண்டால் செலவு தாங்கும். சுருள்வில் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, மேசைமேல் அழுத்தி வைக்கவும் கூடாது. உள்ளங்கைமேல் கிடத்தி உதைக்க விட வேண்டும்.

ஸ்டான்லி சிஸ்டர் · புதன், காலை 11.20

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரியாது, ஈயத்தைப் பற்றித் தெரியும். தம்பி, அந்த ஸ்டவ் வீட்டுக்குள் இருக்கிறதா? ஈயம் 327 டிகிரியில் உருகும். பம்பு ஸ்டவ்வில் அதற்குமேல் எவ்வளவு ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மேலே படியும் சாம்பல் போன்ற தூளை வழித்து எறியும்போது அது தரையில், துணியில், கையில் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு வரை ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. உருக்கிய இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். அந்தப் பாத்திரம் இனிமேல் சமையலறைப் பக்கம் வரக் கூடாது. மகள் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. அவளுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

எண்ணூர் ஃபிட்டர் · புதன், பகல் 1.05

அக்கா சொல்வது சரி. இன்னொன்றும் சொல்கிறேன்: உருகிய ஈயத்தில் ஈரம் பட்ட துண்டு ஒன்று விழுந்தால் தண்ணீர் நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். வலை ஈயம் என்றைக்கு முழுதாகக் காய்ந்திருக்கிறது?

பொன்னேரி பண்ணை · புதன், மாலை 4.40

ஈயம் உருக்கும் பேச்சு வந்ததால் கேட்கிறேன். தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி உரிமத்தோடு எங்கள் வீட்டில் இருக்கிறது. தோட்டா கடையில் ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. அந்தக் காலத்தில் பித்தளைத் தோட்டாவைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார். இப்போது வீட்டில் நிரப்பிக்கொள்ளப் பொருள்கள் எங்கே கிடைக்கும்?

பத்துக்குப்பத்து · புதன், மாலை 5.02

உங்களிடம் இருப்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ள உரிமம். தோட்டா செய்ய உரிமம் அல்ல. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு, தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும் என்கிறது. வெடிமருந்துக்கு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் வேறு இருக்கிறது. இங்கே யாரும் அந்த வழியைச் சொல்ல மாட்டார்கள். புனேயில் உள்ள கட்கி அரசு ஆலைத் தோட்டா வரும்வரை காத்திருங்கள்.

மூர்மார்க்கெட் பெருசு · புதன், மாலை 6.15

எல்லாவற்றுக்கும் சட்டப் பிரிவு எண் சொல்கிறீர்கள். 12 போர் என்ற பெயரே, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று அந்தக் குழலுக்குப் பொருந்தும் என்பதால் வந்தது. கையால் உருட்டிய காலத்துப் பெயர் அது. அப்போது வேட்டைக்குப் போனவர்கள் எல்லாரும் குற்றவாளிகளா?

பத்துக்குப்பத்து · புதன், மாலை 6.40

பெயர்க் காரணம் சரி, முடிவு தவறு. 1972க்குப் பிறகு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பழவேற்காட்டுப் பறவைகளைப் பார்க்கத்தான் முடியும். குழல் அளவு 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால், அதைக் கொண்டு கொக்கைச் சுடலாம் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மூர்மார்க்கெட் பெருசு · புதன், மாலை 6.52

கொக்கைப் பற்றி நான் பேசவே இல்லையே. பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி.

பொன்னேரி பண்ணை · புதன், இரவு 8.00

கேட்டது ஒரு கேள்வி. விட்டுவிடுங்கள் ஐயா, கடைக்காரரிடமே சொல்லி வைக்கிறேன்.

மணலி மனோ · புதன், இரவு 8.20

அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: கொருக்குப்பேட்டை அண்ணன் கேள்விக்குத் திரும்புவோம். பெல்லட் வாங்கினீர்களா?

கொருக்குப்பேட்டைக்காரன் · சனி, இரவு 11.15

வாங்கினேன். பெரியமேட்டில் மூன்றாவது கடையில் கிடைத்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கடைப் பெல்லட்டில் தழும்பு விழுந்தது, என்னுடையதில் விழவில்லை. இன்று பத்து குண்டுகள் சுட்டதில் எல்லாம் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. சுடுவதற்கு முன் திருகுகளையும் பார்த்தேன், முன்பக்கம் ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது, இறுக்கிவிட்டேன். குழலையும் துடைத்தேன். ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் அப்புறப்படுத்திவிட்டேன் அக்கா. அனைவருக்கும் நன்றி.

எண்ணூர் ஃபிட்டர் · ஞாயிறு, காலை 5.30

அரைச் சுற்று! நான் முதல் நாளே சொன்னேன்.

மூர்மார்க்கெட் பெருசு · ஞாயிறு, காலை 6.10

துடைத்ததைக் கவனியுங்கள்.

தொண்டை மண்டலம் · ஞாயிறு, காலை 7.25

மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டதால் எது காரணம் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. திருகு இறுகியிருக்கும் இதே நிலையில், நீங்கள் வார்த்த பழைய பெல்லட்டில் பத்து மட்டும் சுட்டுப் பாருங்கள். மறுபடியும் 40 மில்லிமீட்டர் வந்தால் ஃபிட்டர் ஐயா என்னை மன்னிக்க வேண்டும்.

பத்துக்குப்பத்து · ஞாயிறு, காலை 9.00

அவர் அதைச் செய்ய மாட்டார்.

ஸ்டான்லி சிஸ்டர் · ஞாயிறு, காலை 10.40

இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே தம்பி?

மணலி மனோ · ஆறு வாரங்களுக்குப் பின், வெள்ளி, இரவு 9.15

அண்ணா, போட்டி முடிந்திருக்குமே. மகள் எத்தனை புள்ளிகள் எடுத்தாள்?