அமிலாய்டு பீட்டா 42: அமிலத்தில் தெளிவு, நடுநிலையில் கலங்கல்

கேள்வி:
வணக்கம். உறையுலர்த்திய அமிலாய்டு பீட்டா 42 பெப்டைடை (அல்சைமர் நோயில் மூளையில் திரளும் சிறு புரதத் துண்டு) நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்தபோது கரைசல் முழுத் தெளிவாக இருந்தது. பாஸ்பேட் தாங்கல் கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து பி.எச். 7.4-க்குக் கொண்டுவரும் வழியிலேயே, பால் திரிந்ததுபோல வெண்திரள் மிதக்கத் தொடங்கிவிட்டது. பலமாகக் குலுக்கியும் கரையவில்லை. திரள் இழைகளில் ஒட்டினால் ஒளிரும் சாயமான தயோஃபிளேவின் டி கொண்டு செய்த சோதனையில், திரள்தல் வேகமெடுக்கும் முன் வர வேண்டிய தாமதக் கட்டமே இல்லாமல் முதல் நிமிடத்திலிருந்தே ஒளிர்வு உயர்ந்து நிற்கிறது. பெப்டைடின் தரம் குறைவா, என் முறை தவறா?

மறுமொழி 1:
பெப்டைடைக் குறை சொல்லும் முன் அது கடந்துவந்த பாதையைப் பாருங்கள். இதன் சம மின்புள்ளி ஏறத்தாழ பி.எச். 5.3. அமிலத்திலிருந்து 7.4-க்கு ஏறும் கரைசல், நிகர மின்னேற்றம் சுழியாகும் அந்த இடத்தைத் தாண்டியே ஆக வேண்டும். மூலக்கூறுகளைத் தள்ளி நிறுத்திய விலக்குவிசை அங்கே இல்லாமல் போவதால், நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சொட்டுச்சொட்டாகச் சேர்த்தது அங்கே தங்கும் நேரத்தை நீட்டிவிட்டது. 10 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, குளிர்ந்த தாங்கல் கரைசலில் ஒரேயடியாகச் சேர்த்துப் பாருங்கள். காரப் பக்கமிருந்து இறங்கினால் 5.3-ஐத் தொடவே வேண்டியதில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியானது. ஆனால் அது மட்டும் போதாது என்பது என் அனுபவம். உறையுலர்த்திய தூளிலேயே சிறு திரள்கள் இருக்கலாம். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் கரைசலிலும் அவை விதைகளாகச் செயல்பட்டு, தாமதக் கட்டத்தை விழுங்கிவிடும். திரள்களைப் பிரிக்கும் எச்.எஃப்.ஐ.பி. கரைப்பானில் கரைத்து, பியூம் ஹூட்டுக்குள் (நச்சாவியை வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) ஆவியாக்கி, எஞ்சும் மெல்லிய படலத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற மற்றொரு கரைப்பானில் எடுப்பது பரவலான வழக்கம். இயக்கவியல் அளவீட்டுக்கு நான் பரிந்துரைப்பது, திரள்களைக் குலைக்கும் 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரைத்து, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் அளவு விலக்கு நிறப்பகுப்புத் தூணில் மோனோமர் (ஒட்டாத தனி மூலக்கூறு) உச்சியை மட்டும் பிரித்தெடுத்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே பயன்படுத்துவதுதான். குலுக்குவதை அறவே விடுங்கள். நுரையில் உருவாகும் காற்று-நீர் இடைமுகமே திரள்தலைத் தூண்டும்.

மறுமொழி 3:
செறிவை எடையிலிருந்து கணக்கிட வேண்டாம். தூளில் பெப்டைடோடு இணைந்த எதிரயனி உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கின்றன. தூணிலிருந்து வரும் பகுதியின் ஒளி உறிஞ்சலை 280 நானோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அந்த ஒளியை உறிஞ்சும் அமினோ அமிலங்களில், இந்தப் பெப்டைடில் டிரிப்டோஃபான் இல்லை, டைரோசின் ஒன்றே ஒன்று என்பதால் உறிஞ்சல் மிகக் குறைவாகவே இருக்கும், அடிக்கோட்டைச் (பெப்டைடு இல்லாத கரைசலின் அளவை) சரியாகக் கழிப்பது அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய குப்பியில் குவானிடின் வழியையே செய்கிறேன். கலங்கிய பழைய கரைசலை வடிகட்டிப் பயன்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.