மயோடி தெரிகிறது, தசைக்குழல் உருவாகவில்லை: சி2சி12 செல்கள் குறித்து உதவி தேவை

திசுவளர்ப்பு_மாணவி:
வணக்கம். சுண்டெலியின் சி2சி12 தசை முன்செல்களை (ஒன்றோடொன்று இணைந்து தசைக்குழலாகக் கூடியவை) வளர்க்கிறேன். தட்டு நிறைந்ததும் நன்கு கழுவி, அவற்றைத் தசையாக்க, 10 சதவீதக் கன்றுக் கரு சீரத்துக்குப் பதிலாக 2 சதவீதக் குதிரைச் சீரம் கொடுத்தேன். ஐந்தாம் நாளிலும் பல உட்கருக்கள் கொண்ட குழல்களைக் காணவில்லை. ஆன்டிபாடி சாயத்தில் பெரும்பாலான உட்கருக்களில், தசை மரபணுக்களை இயக்கும் மயோடி புரதம் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த கட்டத்தில் எழ வேண்டிய மயோஜெனின் புரதம் அங்கொன்று இங்கொன்றுதான். மயோடி இருந்தும் ஏன் தசையாகவில்லை?

செல்_பித்தன்:
மயோடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெருகிக்கொண்டிருக்கும் சி2சி12 செல்லிலேயே அது இருக்கும். 1987-இல் வைன்ட்ராபின் ஆய்வகம் அந்த ஒரு மரபணுவைச் செலுத்தியே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்களைத் தசைச் செல்களாக்கியது. அன்றிலிருந்து அதற்குப் பெரும்புகழ். ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. ‘ஈ’ வகைப் புரதத்துடன் ஜோடி சேர்ந்தால்தான் டிஎன்ஏவை உறுதியாகப் பற்றும். சீரம் தாராளமாக இருக்கும்வரை, ஐடி என்ற புரதம் அந்த ‘ஈ’ புரதத்தைத் தட்டிப் பறித்துக்கொள்கிறது. செல் பிரிவைத் தூண்டும் சைக்ளின் டி1-ம் அதன் கூட்டாளி சிடிகே4-ம் மயோடியை அடக்கி வைக்கின்றன. சீரம் குறைந்தால் இந்தத் தடைகள் தளரும். மயோஜெனின் எழும், பி21 என்ற புரதம் செல் பிரிவை நிறுத்தும், பிறகுதான் இணைவு. உங்கள் செல்கள் மயோஜெனின் வாசலிலேயே நிற்கின்றன.

பாசேஜ் எண் (செல்களைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றிய தடவைகள்) என்ன? குடுவையை எவ்வளவு நிறைய விடுகிறீர்கள்?

திசுவளர்ப்பு_மாணவி:
30-ஐத் தாண்டிவிட்டது. வார இறுதியில் குடுவை முழுவதும் நிறைந்துவிடும், திங்களன்றுதான் பிரிப்பேன். இன்சுலின் சேர்த்தால் சரியாகுமா?

குளிர்பெட்டிக்_காவலர்:
இன்சுலின் பிறகு. கோளாறு அந்த வார இறுதியில்தான் இருக்கிறது. நெருக்கம் கூடினால், தசையாகும் திறனுள்ள செல்கள் குடுவைக்குள்ளேயே பெருக்கத்தை விட்டு விலகி இணையத் தொடங்கும். அடுத்த குடுவைக்குப் போய்ப் பெருகுபவை மற்றவையே. வாராவாரம் இணைய மறுக்கும் செல்களை நீங்களே பொறுக்கி வளர்த்திருக்கிறீர்கள்! குறைந்த பாசேஜில் உறைய வைத்த செல் குழாய் ஒன்றை உருக்குங்கள். 60, 70 சதவீதம் நிறைந்ததும் பிரித்துவிடுங்கள். சோதனைத் தட்டை மட்டும் நிறையவிட்டுச் சீரத்தைக் குறையுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று உள்ளதா என்ற சோதனையும் செய்யுங்கள், அதுவும் இணைவைக் கெடுக்கும்.

செல்_பித்தன்:
ஆமோதிக்கிறேன். மயோஜெனின் நன்றாக ஏறியும் இணையவில்லை என்றால் மட்டும் செல்களை இணைக்கும் புரதங்களான மயோமேக்கர், மயோமிக்சர் பக்கம் போங்கள். இப்போது அந்த ஆன்டிபாடிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

திசுவளர்ப்பு_மாணவி:
நன்றி. ஆய்வக உறைபெட்டியில் பாசேஜ் 6 குழாய் இருக்கிறது. சீரம் குறைத்த இரண்டாம் நாளில் பழைய செல்களையும் புதியவற்றையும் ஒன்றாக வைத்து மயோஜெனின் சாயம் போட்டுப் பார்க்கிறேன்.