மீன் ஏற்றிவரும் ரீஃபர் (குளிர்பதனச் சரக்குக் கப்பல்), "மீன்பிடிக் கப்பல்" ஆகுமா? துறைமுக விதியில் எப்படி எழுதுவது?

விதிவரைவு:
வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் துறைமுகத்துக்குள் வருமுன் மீன்வளத் துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்று வரைவில் இருக்கிறது. ஆனால் நடுக்கடலில் மீனை வாங்கிச் சேர்த்துக்கொண்டு வரும் ரீஃபரில் வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. அது சரக்குக் கப்பல் என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்தால் துறைமுக நிர்வாகம் பெர்த் (கப்பல் கரையோடு நிற்க இடம்) கொடுத்துவிடும், மீன்வளத் துறைக்குத் தகவலே போகாது. இதை எப்படி அடைப்பது? முன்னறிவிப்புக்கு எத்தனை மணி நேரம் வைக்கலாம்? காகிதம் அரைகுறையாக இருக்கும்போது கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றால் என்ன செய்வது?

கொடிநாடு:
முதலில் வரையறையை மாற்றுங்கள். சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான துறைமுக நாட்டு நடவடிக்கை ஒப்பந்தம் (2009-ல் ஏற்கப்பட்டு 2016 ஜூன் 5 முதல் நடைமுறையில் உள்ளது) மீன்பிடித்தலோடு "மீன்பிடித்தல் சார்ந்த செயல்களையும்" சேர்த்தே கப்பலை வரையறுக்கிறது. எந்தத் துறைமுகத்திலும் இன்னும் இறக்கப்படாத மீனை மாற்றி ஏற்றுவது, கொண்டுசெல்வது, கடலில் வைத்து டீசலும் ஆட்களும் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். கப்பலில் என்ன கருவி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பிடித்து எழுதினால் ரீஃபரும் பங்கர் கப்பலும் (எரிபொருள் கொடுக்கும் கப்பல்) தானாக உள்ளே வந்துவிடும்.

கன்டெய்னர் கப்பலுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஏற்கெனவே ஒரு துறைமுகத்தில் இறக்கப்பட்ட மீன் என்றால்தான். எங்கே, எந்தத் தேதியில் இறக்கியது என்ற சான்றைக் கேட்காமல் அந்த விலக்கைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: நுழைவு அனுமதி வேறு, துறைமுகப் பயன்பாட்டு அனுமதி வேறு. இரண்டையும் ஒரே பிரிவில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். சந்தேகமான கப்பலைத் திருப்பி அனுப்பினால் அது அடுத்த துறைமுகத்தைத் தேடிப் போகும், மீன் எப்படியும் விற்றுவிடும். சோதனைக்காக மட்டும் உள்ளே விட்டு, இறக்குதல், மாற்றி ஏற்றுதல், டீசல், சாமான், பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் மறுக்க ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு வழி தருகிறது. மாலுமிகளின் உயிர், உடல்நலம், கப்பலின் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் தேவையானதை மட்டும் மறுக்கக் கூடாது.

ஹாட்ச்_நோட்டு:
சோதனைப் பக்கத்தைச் சொல்கிறேன். எல்லாக் கோளாறும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: கிரேன் முதல் தூக்கு மீனை மேலே எடுத்த பிறகு ஆய்வாளர் வந்து சேர்வது. ரீஃபரின் ஒரே ஹோல்டில் (சரக்கு அறையில்) நாலைந்து படகுகளின் மீன் இருக்கும். நடுவில் பிரிப்பு வலையோ பெயின்ட் அடையாளமோதான் போட்டிருப்பார்கள். கிரேன் ஓட ஆரம்பித்தால் எது யாருடைய மீன் என்பது கலந்துவிடும். பிறகு எந்தக் காகிதத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. அதனால் ஆய்வாளர் கையெழுத்திடாமல் ஹாட்ச் (சரக்கு அறையின் மூடி) திறக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதுங்கள்.

ஒப்பந்தத்தின் இணைப்பு 'ஏ' முன்னறிவிப்புப் படிவம். ரீஃபரைப் பொறுத்தவரை அதன் 21-வது வரிசைதான் உயிர்: மீன் கொடுத்த ஒவ்வொரு கப்பலின் பெயர், கொடி (அது பதிவான நாடு), அடையாள எண், மாற்றிய தேதி, இடம், மீன் வகை, பதம் (முழு மீனா, சுத்தம் செய்ததா என்பது), பிடித்த பகுதி, அளவு. "பல கப்பல்கள், கலவைச் சூரை" என்று ஒரே வரியில் எழுதி வந்தால் அது முழுமையான விண்ணப்பமே அல்ல. ஹாட்ச் பிளான் (எந்த அறையில் எந்த மீன் என்ற வரைபடம்), மேட் ரசீதுகள் (சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் அதிகாரி தரும் ரசீது), டிரான்ஷிப்மென்ட் அறிக்கை (கடலில் மாற்றி ஏற்றியதன் பதிவு) மூன்றையும் அருகருகே வைத்து ஒவ்வொரு கொடுப்புக் கப்பலாக ஒப்பிடுங்கள்.

எடையில் கவனம். செவுளும் குடலும் எடுத்த மஞ்சள்துடுப்புச் சூரைக்கு மாற்றுக் காரணி 1.13, காகிதத்தில் 100 டன் என்றால் பிடித்தது சுமார் 113 டன். ஒரு தாளில் முழு எடை, இன்னொன்றில் சுத்தம் செய்த எடை என்று இருந்தால், இல்லாத வித்தியாசம் தெரியும். இருக்கிற வித்தியாசம் மறைந்தும் போகும். பதம் எது என்று எழுதாத எண்ணை ஏற்காதீர்கள். கப்பலின் அமிழ்வளவை (நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை) வைத்துக் கணக்குப் போடுவது ஒரு தோராயத்துக்கு உதவும். ஆனால் இடையில் பாலஸ்ட் நீரையோ (கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் நீர்) டீசலையோ மாற்றியிருந்தால் கெட்டுவிடும். கிரேன் தராசே மேல்.

ஐ.எம்.ஓ எண்ணை (கப்பலுக்கான ஏழு இலக்கச் சர்வதேச அடையாள எண்) கையாலேயே சரிபார்க்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். தட்டச்சுப் பிழையும் மட்டமான போலியும் இதில் மாட்டும். வேறொரு கப்பலின் எண்ணை அப்படியே திருடியிருந்தால் மாட்டாது. அதற்குப் பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும்.

நீரோட்டம்:
மணி நேரம் பற்றி. ஒப்பந்தம் எண் எதுவும் சொல்லவில்லை, ஆய்வுக்குப் போதுமான அளவு முன்னதாக என்றுதான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 24 மணி நேரம் வைத்திருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 3 வேலை நாள். படகுக்கு 24 போதும். ரீஃபருக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து. பத்துக் கொடுப்புக் கப்பல் என்றால் பத்து உரிமங்களைச் சரிபார்க்க வேண்டும். அவை வெவ்வேறு கொடிகளில் இருக்கலாம், கொடி நாட்டு அலுவலகம் வார இறுதியில் பதில் தராது. 72 மணி நேரம் வைத்து, அது முழுமையான படிவம் வந்த நேரத்திலிருந்துதான் ஓடும் என்று சேர்த்து எழுதுங்கள்.

ஏ.ஐ.எஸ் தடத்தில் (கப்பல் தன் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் கருவியின் பதிவில்) கரைக்கு வெகு தூரத்தில் மணிக்கு 2 கடல் மைலுக்குக் குறைவான வேகத்தில் பல மணி நேரம் நின்றிருந்தால், அந்தத் தேதி 21-வது வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது கேள்வி, இன்னும் ஆதாரமல்ல. வி.எம்.எஸ் தரவை (மீன்பிடிக் கப்பல்களைச் செயற்கைக்கோள் மூலம் கண்காணிக்கும் பதிவு) கொடி நாட்டிடம் எழுத்தில் கேளுங்கள்.

விதிவரைவு:
வரையறை தெளிவாகிவிட்டது, நன்றி. நங்கூரத்தில் நிற்கும்போது "இன்ஜின் கோளாறு" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டால்?

கொடிநாடு:
ஆபத்தில் வரும் கப்பலைத் தடுக்கக் கூடாது. ஆனால் அந்த நுழைவு உதவிக்கு மட்டும். இழுவைப் படகு, மருத்துவர், அந்தக் கோளாறுக்கான பழுது ஆகியவற்றோடு நிற்கட்டும். கப்பலைக் கரையில் கட்டி நிறுத்தியவுடன் ஹாட்ச்சுகளுக்கு சீல் வைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், கோளாறை கிளாஸ் சர்வேயர் (கப்பலின் தரத்தைச் சான்றளிக்கும் சங்கத்தின் ஆய்வாளர்) பார்க்கட்டும். மீனை இறக்க வேண்டும் என்றால் புதிதாக இணைப்பு 'ஏ' கொடுத்து வரிசையில் வரவேண்டும். பயன்பாட்டை மறுத்தால் அன்றே கொடி நாட்டுக்கும், தொடர்புடைய கரையோர நாட்டுக்கும், வட்டார மீன்வள அமைப்புக்கும் தெரிவித்துவிடுங்கள். டீசல் விற்கும் நிறுவனங்களுக்கும் அதே கடிதத்தின் நகல் போகட்டும், ஏனென்றால் மறுப்பு ஆணை அவர்கள் கைக்குப் போகாமல் இருந்துதான் பல இடங்களில் பார்ஜ் (எரிபொருள் படகு) போய் டாங்கை நிரப்பிவிடுகிறது.