மறுமொழி: டியூபாவின் மவுத்பீஸ் – வாய்முனையா, ஊதுவாயா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியில் வாய் வைத்து ஊதும் தனி உறுப்பான மவுத்பீஸுக்கு, எங்கள் தமிழ்ப் பள்ளியின் கலைச்சொல் பட்டியலுக்காகத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குழுவில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'வாய்முனை' என்றே வைத்துக்கொள்ளலாமே? கிளாரினெட், டியூபா எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும்.

போதாது ஐயா. கிளாரினெட்டின் முனை வாய்க்குள் போகிறது, மேற்பல் அதன்மேல் படிகிறது. அதற்கு வாய்முனை கச்சிதமான பெயர். டியூபாவில் எதுவும் வாய்க்குள் போவதில்லை. கிண்ணத்தின் விளிம்பில் வாயைப் பதித்து, உதடுகளே அதிரும்படி ஊத வேண்டும். நாகசுரத்தில் சீவாளி (ஊதும்போது அதிரும் நாணல் துண்டு) செய்கிற வேலையை இங்கே உதடு செய்கிறது. கிண்ணத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 32, 33 மில்லிமீட்டர். இவ்வளவு அகலமான ஒன்றை 'முனை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் முன்வைப்பது ஊதுவாய். குடத்துக்கு வாய் உண்டு, பைக்கு வாய் உண்டு, புண்ணுக்குக்கூட வாய் உண்டு. ஊதுகிற வாய் ஊதுவாய். ஒலி வெளியேறும் அகன்ற பகுதிக்கு நாகசுரக்காரர்களின் 'அணசு' ஏற்கெனவே இருக்கிறது. ஊதுவாயில் தொடங்கி அணசில் முடிகிறது என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்கவில்லை.

> ஊதுகிண்ணம் இன்னும் தெளிவாக இருக்கிறதே.

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். உறுப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது இடித்தது. விளிம்பு, கிண்ணம், தொண்டை (கிண்ணத்தின் அடியில் உள்ள குறுகிய துளை), பின்புழை, காம்பு என்று ஐந்து இருக்கின்றன. முழுப் பொருளுக்கும் 'கிண்ணம்' என்றால், 'ஊதுகிண்ணத்தின் கிண்ணம் ஆழமானது' என்று எழுத வேண்டிவரும். அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் இசைக்குழுவில் டியூபா வாசித்த ஆகஸ்ட் ஹெல்பெர்க்கின் பெயரில் ஒரு வகை இருக்கிறது, டியூபாக்காரர்கள் எல்லாரும் அறிந்தது. அதன் உட்புறம் புனல்போலச் சரிந்து இறங்கும். ஆழமான கிண்ணம், புனல் கிண்ணம் என்று வகை பிரிக்க அந்தச் சொல்லை உறுப்புக்கே விட்டுவைப்போம்.

காம்பு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழலுக்குள் செருகும் பகுதி அது. 'கெண்டை' என்று ஒருவர் எழுதியிருந்தார், அழகான யோசனை. ஆனால் நாகசுரத்தில் கெண்டை சீவாளியைத் தாங்குவது; இங்கே சீவாளியே இல்லை. அப்புறம், காம்பு என்றால் குழந்தைக்கும் புரியும். இதில் அமெரிக்க அளவு, அதைவிடப் பருத்த ஐரோப்பிய அளவு என்று இரண்டு உண்டு. என் மகளுக்கு முதலில் வாங்கியது அமெரிக்கக் காம்பு, பள்ளி கொடுத்த டியூபாவோ ஐரோப்பிய அளவு. செருகினால் அளவுக்கு மீறி உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. சுருதியும் நிற்கவில்லை. உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்ப்பதற்கு முன்னால் காம்பைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

> நெகிழி ஊதுவாய் என்பதை ஏற்கலாமா? அது நெகிழாதே!

ஏற்கலாம். செய்யும்போது சூட்டில் நெகிழ்ந்து அச்சில் வடிவம் பெற்றதுதானே. கெல்லி நிறுவனம் பாலிகார்பனேட் என்ற உறுதியான நெகிழியில் செய்வதைத்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். அது 'கெல்லிபெர்க்', ஹெல்பெர்க் வடிவத்தை ஒட்டியது.

மினசோட்டாவில் நவம்பர் மாத இரவில், கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து சூசாஃபோன் (உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் டியூபா வகை) வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். பித்தளை பாலிகார்பனேட்டைவிடப் பல நூறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். உதட்டின் சூட்டை உறிஞ்சிவிடும். இடைவேளையில் பிள்ளைகள் வெள்ளி முலாம் பூசிய ஊதுவாயைக் கழற்றிக் கோட்டுக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். என் மகளின் சிவப்பு நெகிழி ஊதுவாய்க்கு அந்தப் பாடு இல்லை. நிக்கல் ஒத்துக்கொள்ளாத உதட்டுக்கும் அது நிம்மதி.

அரங்கத்துக்குள் வந்தால் அவள் உலோகத்துக்கு மாறிவிடுகிறாள். ஒரே மெட்டை இரண்டிலும் வாசிக்கச் சொல்லி, அடுத்த அறையில் நின்று கேட்டேன். எது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவளோ, "நெகிழியில சுரத்தோட ஆரம்பம் கையில நிக்க மாட்டேங்குதும்மா" என்றாள். பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8.5 கிராம், பாலிகார்பனேட்டின் அடர்த்தி 1.2 கிராம். அந்தக் கனம் உதட்டுக்குத் தருகிற பிடிமானத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். கேட்பவர் காதுக்குப் பொருளைவிடக் கிண்ணத்தின் ஆழமும் தொண்டையின் அகலமும்தான் பெரிது.

உதட்டை வைத்துக்கொள்ளும் முறைக்கு 'இதழ்ப்பிடி' என்று எழுதியிருக்கிறேன். ஊதுவாய் என்றால் ஊதுகிறவரின் வாயோ என்று குழம்புவார்கள் என்ற அச்சத்துக்கும் அதுவே பதில். பொருளுக்கு ஊதுவாய், ஆளுக்கு இதழ்ப்பிடி.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கான பட்டியலில் மாதிரி வாக்கியம் இப்படி இருக்கும்: 'ஊதுவாயின் காம்பு குழலில் ஆடாமல் பொருந்த வேண்டும், விளிம்பு உதட்டை அறுக்கக் கூடாது.'

'பின்புழை' மட்டும் இன்னும் உறுத்துகிறது. தொண்டையிலிருந்து காம்பின் நுனிவரை மெல்ல அகன்றுகொண்டே போகும் உள்வழி அது. அந்த 'அகன்று போவது' சொல்லில் வரவில்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை பட்டியலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளி ஆசிரியை, மினசோட்டா