பணப்பையின் வெளித்தோல் அளவு: வெட்டு மாதிரி வரைவதில் உதவி தேவை

வணக்கம். தாவர முறையில் பதனிட்ட 1.2 மி.மீ. தோலில் இருமடிப்புப் பணப்பை தைப்பதற்காக, அட்டையில் வெட்டு மாதிரி வரைந்து வருகிறேன். 66 × 150 மி.மீ. அளவுள்ள 500 ரூபாய்த் தாளும் வங்கி அட்டைகளும் தாராளமாக நுழையும்படி உள்ளறைகளை முடிவு செய்துவிட்டேன். ஐயம் வெளித்தோலைப் பற்றியது. மடிப்பில் அது கூடுதல் தூரம் சுற்றிவர வேண்டியிருப்பதால், உள்தோலைவிடச் சற்று நீளமாக இருந்தாக வேண்டும். இல்லையெனில் பை சரியாக மூடாமல் விரிந்தே நிற்கும்.

அரைவட்டமாக மடிவதாகக் கொண்டு, இரண்டு அடுக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையிலுள்ள 1.2 மி.மீ. தூரத்தை 3.14 ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 3.8 மி.மீ. கூடுதலாகத் தேவைப்படுகிறது. நடைமுறையில் இந்தக் கணக்கு பொருந்துகிறதா, அல்லது தோலை மடித்துப் பார்த்துத்தான் குறிக்கிறீர்களா? இரண்டு நீளங்களும் வேறுபடும்போது, 4 மி.மீ. இடைவெளியில் இடும் தையல் துளைகளின் எண்ணிக்கை இரண்டிலும் பிசகாமல் அமைய மாதிரியிலேயே என்ன செய்வீர்கள்? நல்ல தோலை வீணாக்க மனமில்லாததால், வெட்டுவதற்கு முன் அனுபவமுள்ளோரின் விளக்கத்தை வேண்டுகிறேன்.